ஒரு ஸ்பூன் மெக்னீசியம்

அத்தியாயம் ஐந்து

ஊரை ரத்த அழுத்தத்திலிருந்து விடுவிக்க ஆனந்தகுமார் பிடித்திருந்த கல்யாண மண்டபத்தில், முந்தின நாள் முகூர்த்தத்தின் வாழைமரங்கள் இன்னும் வாசலில் சாய்ந்து நின்றன. மேடையில் மணமக்களின் பெயரை மறைத்து ஒரு ஃப்ளெக்ஸ் தொங்கியது. 'மாத்திரைக்கு விடை கொடுப்போம், மெக்னீசியத்துக்குக் கை கொடுப்போம்.' அதில் கோட்டும் ஸ்டெதஸ்கோப்புமாக ஆனந்தகுமார் சிரித்துக்கொண்டிருந்தார். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டிருந்தது. பின்னால் படிப்பு எதுவும் இல்லை. சங்கரன்கோவிலில் யாரும் அதைத் தேடிப் பார்க்கவும் இல்லை.

ஹாலிதா தேடிப் பார்த்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பதினெட்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கிளெய்ம்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர். இப்போது திருவேங்கடம் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம். வயது ஐம்பது. மனிதர்கள் பொய் சொல்வதில் அவருக்கு வருத்தம் கிடையாது. மட்டமாகச் சொன்னால்தான் கோபம் வரும்.

பக்கத்தில் உதவியாளர் இசக்கிராஜா. பத்து வருடம் மினி பஸ் கண்டக்டராக இருந்தவன். பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் வாய் நிற்கவில்லை.

"அக்கா, அந்தக் கோட்டப் பாருங்க. பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்கு வாடகைக்கு எடுக்கிற கோட்டு. கை ரெண்டும் முழங்கைக்குக் கீழ வரமாட்டேங்குது."

"அவர் கை நீளம். வாயைப் பாத்தாலே தெரியலையா? பேசாம இரு."

அவர்கள் வந்திருந்தது அனுவுக்காக. பிறந்த ஊரான வாசுதேவநல்லூரிலிருந்து முந்தின நாள் பஸ் பிடித்து வந்து அந்தப் பெண் சொன்ன கதை சின்னது. அவளுடைய மாமியார் பேச்சித்தாய்க்கு ஆறு வருடமாகப் பிரஷர். தினமும் காலையில் ஒரு மாத்திரை, அனுதான் எடுத்துக் கொடுப்பாள். போன வியாழக்கிழமை காலை அடுப்படியில் பேச்சித்தாய் சரிந்து விழுந்தாள். பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பிரஷர் எழுபதுக்கு நாற்பது. பிரஷர் மாத்திரை நாலைந்து மடங்கு உள்ளே போனால்தான் இப்படி ஆகும் என்றார் டாக்டர். அனுவின் கணவன் கோகுல் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். மாத்திரை கொடுப்பது அவள்தானே? அன்றே அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பினான். மறுநாள் போலீசில் மனுக் கொடுத்தான். திங்கட்கிழமை காலை அனு ஸ்டேஷனுக்கு வந்தாக வேண்டும். இன்று சனி.

"அட்டையில மாத்திரை சரியா இருக்கு மேடம். ஒண்ணுகூடக் கூடவும் இல்ல, குறையவும் இல்ல" என்று அனு அழாமல்தான் சொன்னாள். "அத்தை வேற ஒண்ணு குடிச்சாங்க. இந்த ஆனந்தகுமார் முகாம்ல வாங்கின மெக்னீசியம் பவுடர். எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா ஏசுவாருன்னு அரிசி டிரம்முக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருப்பாங்க. விழுந்த அன்னைக்கு டப்பா அடுப்பு மேடையிலதான் இருந்துச்சு. சாயங்காலம் பாத்தா காணோம்."

இதை அவள் போலீசிலும் சொல்லியிருக்கிறாள். அவர்கள் சிரித்திருக்கிறார்கள். மெக்னீசியம் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். அதை ஒரு ஸ்பூன் குடித்து யாராவது விழுவார்களா?

ஹாலிதாவிடம் இருந்த ஒரே நூல் அந்தக் காணாமல் போன டப்பாதான். அதன் மறுமுனையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார் ஆனந்தகுமார்.

"இலை ஏன் பச்சையா இருக்கு? பச்சையத்துக்கு நடுவுல மெக்னீசியம் இருக்கு! உங்க ரத்தக்குழாய் ஏன் முறுக்கிக்கிட்டு நிக்குது? மெக்னீசியம் இல்ல! மாத்திரை கம்பெனிக்காரன் இத உங்ககிட்ட சொல்லமாட்டான். நான் சொல்றேன்!"

கைதட்டல். முதல் வரி உண்மை. இந்த மாதிரி ஆட்கள் முதல் வரியை எப்போதும் உண்மையாகத்தான் வைப்பார்கள். கல்லாவுக்கு முன்னால் சாமி படம் மாட்டுவதுபோல.

பேச்சு முடிந்ததும் வரிசையாகப் பிரஷர் பார்த்தார்கள். குருவிகுளம் பக்கத்து விவசாயி ஆவுடையப்பனை மேடைக்கே கூப்பிட்டார் ஆனந்தகுமார். முன்பு நூற்று எண்பது, இப்போது நூற்று இருபது. மறுபடி கைதட்டல்.

"மிஷின்ல கோல்மால்" என்றான் இசக்கிராஜா. "டப்பாவுல இருக்கிறது கோலப்பொடி. என்ன பந்தயம்?"

ஹாலிதாவுக்கும் பிரஷர் உண்டு. கைப்பையில் எப்போதும் சொந்த மிஷின் இருக்கும். ஆவுடையப்பன் வெளியே வரும் வரை காத்திருந்து, வாழைமரத்து நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தார்.

"அண்ணாச்சி, என் மிஷின்ல ஒரு தடவ பாப்போமா?"

"எதுல வேணா பாருங்க தாயி. ரெண்டே வாரத்துல கிடுகிடுன்னு எறங்கிட்டு. ஆஸ்பத்திரி மாத்திரைய எல்லாம் அள்ளிக் கெணத்துல போட்டுட்டேன்லா."

"கெணத்துக்கு இனி பிரஷர் வராது" என்றான் இசக்கிராஜா.

மிஷின் உறுமி நின்றது. நூற்று இருபத்திரண்டுக்கு எழுபத்தெட்டு.

இசக்கிராஜாவின் முகம் தொங்கியது. "என்னக்கா இது? நெசமாவே வேலை செய்யுதே."

"ஆமா. அதான் எனக்குப் பிடிக்கல."

ஆவுடையப்பன் எழுந்து செருப்பைப் போட முயன்றார். கால் உள்ளே போகவில்லை. வாரை நெகிழ்த்தி, விரல்களைத் திணித்து, குதிகாலைப் பாதி வெளியே விட்டுக்கொண்டு நின்றார்.

"கால்ல என்ன அண்ணாச்சி?"

"பத்து நாளா வீக்கம் தாயி. டாக்டர்ட்ட கேட்டேன். ஒடம்புல உள்ள கெட்ட நீரு கால் வழியா எறங்குதாம். நல்லதுதான்னாரு."

"எறங்கி எங்க போகுதாம்? ஆவுடைப்பொய்கைத் தெப்பக்குளத்துக்கா?" என்றான் இசக்கிராஜா.

ஹாலிதா சிரிக்கவில்லை. மண்டப வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். நாற்பது ஜோடி இருக்கும். பாதிக்கு மேல் வார் கடைசித் துளைக்குத் தள்ளியிருந்தது. சிலதில் பின்பட்டையைக் கத்தியால் கிழித்திருந்தார்கள். புதிதாக வாங்கிய பெரிய சைஸ் ரப்பர் செருப்புகள் ஏழெட்டு. இந்தச் செருப்புகளைத் தாண்டித்தான் ஆனந்தகுமார் உள்ளே போய், ஆரோக்கியம் பற்றிப் பேசினார்.

ஹாலிதா குனிந்து ஆவுடையப்பனின் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. விழுந்த குழி அப்படியே நின்றது.

அந்தக் குழியை அவருக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அது அவர் காலிலேயே விழுந்தது. உடனே அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார்.

"ரெண்டு வாரத்துல அறுபது பாயிண்டா?" என்றார் டாக்டரம்மா. "மெக்னீசியம் குறைவா உள்ளவங்களுக்கு அது கொஞ்சம் கைகொடுக்கும் ஹாலிதா. ரெண்டு மூணு பாயிண்ட் எறங்கலாம். அறுபது எறங்குச்சுன்னா அது மெக்னீசியம் இல்ல. காலும் வீங்குதுன்னா, எனக்கு முதல்ல ஒரு மாத்திரை பேருதான் ஞாபகம் வரும்."

"அம்லோடிபின்."

"நீங்களே சாப்பிட்டு வீங்கினவங்கதானே? நான்தான் மாத்திக் குடுத்தேன்."

போனை வைத்ததும் இசக்கிராஜா வாயைப் பிளந்தான். "அப்ப, பிரஷர் மாத்திரைய விட்டுருங்கன்னு சொல்லி, அதே பிரஷர் மாத்திரைய இடிச்சுக் குடுக்கானா?"

"இயற்கைன்னு பேர் வச்சுக் குடுக்கான்."

"தூ! ஏமாத்துறதுலகூட ஒரு சொந்தச் சரக்கு இல்லையே இவன்கிட்ட." கொஞ்சம் யோசித்தான். "ஆனா எல்லாரும் நல்லாத்தானக்கா இருக்காங்க? பேச்சித்தாயம்மா மட்டும் ஏன் விழுந்தாங்க?"

"கம்பெனியில ஒவ்வொரு மாத்திரையிலயும் மருந்து ஒரே அளவா இருக்கும். இவன் வாளியில போட்டுக் கையால கிண்டுதான். ஒரு ஸ்பூன்ல அரை மாத்திரை வரும், இன்னொரு ஸ்பூன்ல அஞ்சு வரும். மத்தவங்க ஆஸ்பத்திரி மாத்திரைய விட்டுட்டாங்க. அந்தம்மாவுக்கு மருமக அதையும் ஒழுங்காக் குடுத்திருக்கா. அன்னைக்கு ரெண்டும் சேந்துட்டு." ஹாலிதா மிஷினைப் பையில் வைத்தார். "இதெல்லாம் என் ஊகம். ஸ்டேஷன்ல ஊகத்த வாங்கமாட்டாங்க. சரி, இத்தன மாத்திரையப் பவுடர் ஆக்கணும்னா என்ன வேணும்?"

"மிக்சி."

"இத்தன டப்பாவுக்கு?"

"மிக்சி தாங்காதே."

"தாங்காத மிக்சி எங்க போகும்?"

இசக்கிராஜா பைக்கை உதைத்தான்.

ஆனந்தகுமாரின் 'ஆராய்ச்சி நிலையம்' இருந்த தெருவின் முனையிலேயே ஆதம் மிக்சி ரிப்பேர் கடை வைத்திருந்தார். பெயரைச் சொன்னதுமே அவருக்குக் கோபம் வந்தது.

"டாக்டர் மிக்சியா? இங்கனதான் கெடக்கு. ரெண்டு மாசத்துல மூணு பிளேடு மாத்திட்டேன். என்னய்யா அரைக்கிய, கல்லான்னு கேட்டேன். சுக்குன்னாரு. சுக்கு அரைச்சா ஜார்ல மணம் நிக்கும்லா? மோந்து பாருங்க."

இசக்கிராஜா மோந்து பார்த்தான். ஒரு மணமும் இல்லை.

"இந்தா, பிளேடுக்கு அடியில இதுதான் சுத்திக் கெடந்துச்சு" என்று ஆதம் ஒரு தாளில் மடித்து வைத்திருந்ததைப் பிரித்தார். கசங்கிய வெள்ளித் தகடுத் துணுக்குகள். மாத்திரை அட்டையின் பின்பக்கம்.

"அட்டையில இருந்து பிரிக்கக்கூட உடம்பு வணங்கல" என்றான் இசக்கிராஜா. "அப்படியே போட்டு அரைச்சிருக்கான். குடிச்சவன் வயித்துல வெள்ளிப் பேப்பரும் போயிருக்கும்."

ஹாலிதா ஒரு துணுக்கை நகத்தால் நீவி நேராக்கினார். மருந்துப் பெயரின் கடைசி எழுத்துகள் தெரிந்தன. பின். இன்னொரு துணுக்கில் காலாவதித் தேதி. எட்டு மாதம் முந்தின தேதி.

அவர் முகம் மாறியது. காலாவதியான மாத்திரையை எந்தக் கடையிலும் மொத்தமாக வாங்க முடியாது. விற்காமல் தேங்கியதைக் கடைகள் மொத்த ஏஜென்சிக்குத் திருப்பி அனுப்பும். ஏஜென்சி கம்பெனிக்கு அனுப்பும். கம்பெனி அழித்துவிடும். நடுவில் கொஞ்ச நாள் அது அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக ஏதோ ஒரு கோடவுனில் கிடக்கும். அந்தக் கோடவுனின் சாவி யாரோ ஒருவர் இடுப்பில் இருக்கும்.

அனுவுக்குப் போன் போட்டார்.

"அனு, அத்தை விழுந்ததும் உன் வீட்டுக்காரர் என்ன செஞ்சாரு? ஒண்ணு விடாமச் சொல்லு."

"குளிச்சுக்கிட்டு இருந்தவரு ஓடி வந்தாரு மேடம். அத்தையப் பாத்தாரு. அடுப்பு மேடையில டப்பாவப் பாத்தாரு. அப்படியே நின்னுட்டாரு. அப்புறம், 'பிரஷர் எறங்கிட்டு, காலத் தூக்கிப் பிடி'ன்னு கத்துனாரு. தலையணைய எடுத்துக் காலுக்கு அடியில வச்சாரு. ஆம்புலன்ஸ்ல வந்தவங்ககூட, சரியாச் செஞ்சிருக்கீங்கன்னு பாராட்டுனாங்க. அம்மா மேல உசுரு மேடம் அவருக்கு."

"இது ஆம்புலன்ஸ் வாறதுக்கு முன்னால. வீட்டுல பிரஷர் மிஷின் உண்டா?"

"இல்லையே."

"அவரு எங்க வேலை பாக்குதாரு?"

"மருந்து ஏஜென்சியில. கோடவுன் அவரு பொறுப்புதான். ஏன் மேடம்?"

"பொறவு சொல்லுதேன். நாளைக்குக் காலையில பாளையங்கோட்டைக்கு வந்துரு."

ஹாலிதா இசக்கிராஜாவைப் பார்த்தார். "பிரஷர் உள்ள ஒரு பொம்பள மயங்கி விழுந்தா ஊர் என்ன சொல்லும்?"

"பிரஷர் ஏறிட்டுன்னு சொல்லும்."

"யாருட்ட கேட்டாலும் அதத்தான் சொல்லுவாங்க. இவன் மட்டும் பாத்த மாத்திரத்துல எறங்கிட்டுன்னு சொல்லுதான். மிஷினும் இல்ல."

"அப்ப டப்பாவுல என்ன இருக்குன்னு இவனுக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கு" என்றான் இசக்கிராஜா, நக்கல் இல்லாமல்.

மருந்து ஆய்வாளருக்குத் தகவல் சொல்லிவிட்டு, அவர் தென்காசியிலிருந்து வந்து சேர்வதற்குள் ஹாலிதா ஆனந்தகுமாரின் அறைக்குப் போனார். மேசை மேல் ஒரு புது டப்பாவைத் திறந்து, ஒரு ஸ்பூன் பவுடரைத் தண்ணீரில் கலக்கி, அவர் முன்னால் நகர்த்தினார்.

"குடிங்க டாக்டர்."

"எனக்கு எதுக்கும்மா? எனக்குப் பிரஷர் கிடையாது."

"பாத்துருவோமே" என்று இசக்கிராஜா அவர் கையில் பட்டையைச் சுற்றிவிட்டான். கோட்டின் கை குட்டையாக இருந்தது வசதியாகப் போயிற்று. நூற்று எண்பத்தாறு.

"மெக்னீசியம் போதல டாக்டர் உங்களுக்கு" என்றான் இசக்கிராஜா.

ஆனந்தகுமார் வியர்த்தார். கைக்குட்டையை உருவியபோது சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை கீழே விழுந்தது. நல்ல மருந்துக் கடையில் பில்லோடு வாங்கிய, காலாவதியாகாத, நேற்று வரை தவறாமல் விழுங்கிய பிரஷர் மாத்திரை. மாத்திரைக்கு விடை கொடுக்கச் சொன்ன வாய் அதைத்தான் தினமும் தின்றிருக்கிறது.

"அஞ்சு மடங்கு உள்ள போயி ஒரு பொம்பள சாகக் கெடந்தா" என்றார் ஹாலிதா. "நீங்க நாற்பத்து மூணு பேருக்கு இதக் குடுத்திருக்கிய. மாத்திரை யாரு தந்தது?"

இந்த மாதிரி ஆட்கள் விசுவாசத்தில் அரை நிமிடம் தாங்குவார்கள். ஆனந்தகுமார் அதுவும் தாங்கவில்லை. "கோகுல்" என்றார்.

ஆய்வாளர் வரும் வரை ஹாலிதா அவரைச் சும்மா உட்கார விடவில்லை. முகாம் நோட்டைத் திறந்து, நாற்பத்து மூன்று பேருக்கும் அவர் வாயாலேயே போன் பேச வைத்தார். பவுடரைக் குடிக்காதீர்கள், அதில் இருப்பது பிரஷர் மாத்திரை, இன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிரஷர் பாருங்கள். பதினேழாவது ஆள் ஆவுடையப்பன். அவர் பதிலுக்கு ஏசியது ஸ்பீக்கர் போடாமலே அறை முழுக்கக் கேட்டது. இசக்கிராஜா பையப் பைய ஸ்பீக்கரையும் போட்டுவிட்டான்.

ஞாயிறு காலை. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் பேச்சித்தாயை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். முகம் தெளிந்திருந்தது. கட்டில் பக்கத்தில் கோகுல் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். அனு கதவருகில் நின்றாள். அவளைப் பார்த்ததும் அவன் எழுந்தான்.

"இவ எதுக்கு இங்க வந்தா?"

"நான்தான் வரச் சொன்னேன்" என்று ஹாலிதா உள்ளே வந்தார். வராந்தாவில் மருந்து ஆய்வாளரும் ஒரு போலீஸ்காரரும் நின்றார்கள். ஹாலிதா குரலை உயர்த்தவில்லை. வெள்ளித் தகடுத் துணுக்கை ஆரஞ்சுத் தோலுக்குப் பக்கத்தில் வைத்தார். "ஆனந்தகுமார் எழுதிக் கொடுத்துட்டான், கோகுல். கோடவுன்ல திருப்பி அனுப்ப வேண்டிய பெட்டியில பன்னெண்டு குறையுது. டப்பாவ எங்க போட்டிய?"

அவன் மறுக்கவில்லை. உரித்த சுளை கையிலேயே இருந்தது.

"எனக்குத் தெரியாது" என்றான் கடைசியில். "சத்தியமா எனக்குத் தெரியாது. அம்மா அதக் குடிப்பாங்கன்னு நான் நினைக்கவே இல்ல."

அனு இரண்டு அடி முன்னால் வந்தாள்.

"வேற யாரோட அம்மா குடிச்சிருந்தாப் பரவாயில்லையா?"

அவன் பதிலுக்காக அம்மாவைப் பார்த்தான். அவன் விழுந்ததும் தூக்க, தப்புச் செய்ததும் மறைக்க, சின்ன வயதிலிருந்தே அந்த முகத்தைத்தான் பார்த்துப் பழகியிருந்தான்.

பேச்சித்தாய் அவனைப் பார்க்கவில்லை. மருமகளிடம் கேட்டாள்.

"உன்னத் திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னாங்களாமே? நெசமாட்டி?"

"ஆமா அத்தை."

"நான் நெனவு இல்லாமக் கெடந்தப்ப இவன்தான் மனுக் குடுத்தானா?"

அனு தலையாட்டினாள். பேச்சித்தாய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். போலீஸ்காரர் உள்ளே வந்து கோகுலின் தோளில் கை வைத்தார். அவன், "அம்மா" என்றான். அவள் திரும்பவில்லை. அவன் செருப்புச் சத்தம் படியிறங்கி ஓயும் வரை அப்படியே இருந்தாள்.

பிறகு போர்வையை விலக்கி, கைகளை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி அனு, டாக்டர் எப்ப விடுவாகன்னு கேளு. வீட்டுச் சாவி பக்கத்து வீட்டுல இருக்கட்டும். வாசுதேவநல்லூருக்கு நானும் வாரேன்."